ஹெல்மெட் அண்ணன்

இல்ல தம்பி, அப்படி வெக்காதீங்க. கையை இந்தத் தட்டு மேல வைங்க. உள்ளங்கை கீழ பாக்கட்டும். விரலை விரிங்க, இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே. இனிமே ஆடக் கூடாது. மூக்கு அரிச்சா மனசுக்குள்ளயே சொறிஞ்சுக்கணும். மெஷின் சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும். பழைய எக்ஸ்ரே மெஷினு. எங்க டாக்டரை மாதிரி, வந்த உடனே வேலையில எறங்காது, மொதல்ல கொஞ்சம் உறுமணும்.

கதவா? அதெல்லாம் யாரும் தட்ட மாட்டாங்க. வெளிய சிவப்பு லைட்டைப் போட்டுட்டேன். அது எரியற வரைக்கும் இந்த ரூமுக்குள்ள ஒருத்தரும் கால் வெக்க முடியாது. டாக்டரே வந்தாலும் பெஞ்சுலதான் ஒக்காரணும். இந்தக் கட்டடத்துல எனக்குன்னு இருக்கற ஒரே அதிகாரம் அந்த லைட்டுதான்.

எதுங்க, என் முழங்கையா? ஓ, இந்தக் காயத்தைக் கேக்கறீங்களா. நல்ல கண்ணு உங்களுக்கு. மத்தவங்க கேட்டா மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லிடுவேன். உங்ககிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? நீங்க யாரோ, நான் யாரோ. இது சைக்கிள்ல விழுந்தது.

சிரிக்காதீங்க, கை ஆடுது. சைக்கிள்னா ரோட்ல போற சைக்கிள் இல்ல. ட்ரையல்ஸ் சைக்கிள்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா? அட, கேள்விப்பட்டிருக்கீங்களே! சரி, இருந்தாலும் நான் சொல்லிடறேன், சொன்னாத்தான் எனக்குத் திருப்தி. அதுல சீட்டு கெடையாது. மொத மொத பாத்தப்ப எவனோ திருடிட்டான்னு நெனைச்சு, பாவம்னு சுத்தி முத்தி தேடிக் கூடக் குடுத்தேன். அப்புறம்தான் சொன்னாங்க, அது செஞ்சதே அப்படித்தானாம். ஒக்கார்றதுக்கு இல்லாத சைக்கிள். நின்னுக்கிட்டே திட்டு மேல ஏறணும், கட்டை மேல தாவணும், ஒத்தைச் சக்கரத்துல நிக்கணும்.

பின் சக்கரம் இல்லைங்க, முன் சக்கரம். அதுதான் என் சப்ஜெக்ட். பின் சக்கரத்துல நிக்கறது குதிரை காலைத் தூக்கற மாதிரி, பாக்க கம்பீரமா இருக்கும், எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. முன் சக்கரத்துல நிக்கறது வேற. மெதுவா உருட்டிட்டு வரணும். முன் பிரேக்கை ஒத்தை விரலால, ஒரே ஒரு விரலால, பூ மாதிரி அமுக்கணும். உடம்பு பாரத்தை முன்னால தள்ளணும். பின் சக்கரம் தானா மேல எழும்பும். அப்ப பயந்து பிரேக்கை இறுக்கிப் பிடிச்சீங்க, தலைகுப்புறப் போயிடுவீங்க. மொத்தமா விட்டீங்க, பின் சக்கரம் டமால்னு கீழ வந்துடும். ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் பிடிக்கணும், கொஞ்சம் விடணும். அது வந்துட்டா அப்படியே முன் சக்கரத்துலயே டொக்கு டொக்குன்னு தாவலாம், பின்பக்கத்தைக் கதவு மாதிரி சுத்தித் திருப்பலாம்.

இந்த வயசுல எதுக்குன்னு கேக்கறீங்க. கேக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். ரோஷம் தம்பி. எல்லாம் ரோஷம் பண்ற வேலை.

எனக்கு ஒரே பொண்ணு. இங்கதான் வேலை பாத்தா, பக்கத்து ரூம்ல, ரத்தம் எடுக்கற எடத்துல. நான்தான் சொல்லி வெச்சு சேத்துவிட்டேன். ஒரு நாள் சாப்பிடும்போது சொல்றா, அப்பா, நான் வேலையை விடறேன், சைக்கிள் கத்துக்குடுக்கப்போறேன்னு. அதான் சின்னப் புள்ளையிலயே ஓட்டப் பழகிட்டியே, இன்னும் என்ன இருக்கு அதுலன்னு கேட்டேன். நான் வெகுளியாத்தான் கேட்டேன், அவ கிண்டல்னு எடுத்துக்கிட்டா. எடுத்துக்கிட்டு, அதே மூச்சுல அடுத்த குண்டைப் போட்டா. கல்யாணம் பண்ணிக்கப்போறேன், ஆளு ரெடின்னா. யாருடான்னா, வெல்டராம். இந்த சீட்டு இல்லாத சைக்கிளுக்கு ஃப்ரேம் ஒட்டித் தர்றவனாம். ஒரு சீட்டு கூட ஒட்டத் தெரியாதவனா உனக்குக் கெடைச்சான்னு கேட்டேன். சம்சாரம் மேசைக்குக் கீழ காலை மிதிக்கறா. எனக்கு ஏறிடுச்சு. வாய் போன போக்குல சொல்லிட்டேன், இனிமே என் மூஞ்சியில முழிக்காதன்னு.

சரிப்பான்னு எழுந்து போயிட்டா. அழுதிருந்தா நானும் எறங்கியிருப்பேன். சரிப்பான்னுட்டா. அவளுக்கும் என் ரத்தம்தானே.

கல்யாணத்துக்கு நான் போகல. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நடந்துது, என் சம்சாரம் மட்டும் போயிட்டு வந்தா. நான் லீவைப் போட்டுட்டு வீட்ல ஒக்காந்து ஃபேன் சுத்தறதைப் பாத்துட்டிருந்தேன். அன்னிலேர்ந்து என் சம்சாரம் எங்கிட்ட அந்தப் பேச்சை நேரா எடுக்க மாட்டா. ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு அதுகிட்ட சொல்லுவா. பொண்ணு இளைச்சுட்டா, மாப்பிள்ளை தங்கமான புள்ளை, வீட்டு வேலையெல்லாம் பங்கு போட்டுக்கறாராம்னு ஃப்ரிட்ஜுக்குச் சேதி போகும். நானும் ஃப்ரிட்ஜைப் பாத்துதான் பதில் சொல்லுவேன், ஐஸ் உருகுது, மூடுன்னு.

போன் பண்ணியிருக்கலாமா? எப்படிங்க பண்றது? சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கே. நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான். இந்த ரூம்ல வந்து கேட்டுப் பாருங்க. மூச்சை இழுங்கன்னா இழுக்கணும், பிடிங்கன்னா பிடிக்கணும், விடுங்கன்னு நான் சொல்ற வரைக்கும் எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் விடக் கூடாது.

ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க? வேணாம், சொல்லாதீங்க, வாய் ஆடுனா தோள் ஆடும், தோள் ஆடுனா கை ஆடும். கையை வெக்கும்போதே பாத்தேன், உள்ளங்கையில காய்ப்பு இருக்கு. மேல சின்னச் சின்னதா சூடு பட்ட தழும்பு. ஒழைக்கிற கைதான். சரி, சரி. நகம் சுத்தமா வெட்டியிருக்கீங்க, நல்லது. தண்ணி போடற பழக்கம் உண்டா? இல்ல, கேட்டாகணும். மெஷினுக்குத் தெரியணும். எப்பவாச்சும்னா? விசேஷத்துக்கு மட்டுமா. உம், மெஷின் ஒத்துக்கும்.

எங்க விட்டேன்? ஆங், வீடியோ. ஒரு நாள் என் சம்சாரம் போனை ஃப்ரிட்ஜு மேல சாய்ச்சு வெச்சுட்டுப் போயிட்டா, வேணும்னேதான். அதுல என் பொண்ணு. முன் சக்கரத்துல நின்னுக்கிட்டு ஒரு சிமெண்ட் திட்டு மேல டொக்கு டொக்குன்னு தாவிட்டுப் போறா. மத்தவங்க பாத்தா கை தட்டுவாங்க. என் பொழப்பு அப்படியா? எனக்கு ஆளே தெரியல தம்பி, எலும்புதான் தெரியுது. மொத்த பாரமும் மணிக்கட்டுல. கட்டைவிரலுக்குக் கீழ முந்திரிப் பருப்பு மாதிரி ஒரு குட்டி எலும்பு இருக்கு, அது ஒடைஞ்சா லேசுல சேராது. அதை ஒடைச்சுட்டு வர்றவங்களைத் தெனம் இந்தத் தட்டுல பாக்கறேன். எனக்குச் சோறு எறங்கல.

சரி, தூரத்துலேர்ந்து ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்னு போனேன். ஒரு மூடுன மரக் கிடங்குக்குப் பின்னால இருக்கற காலி எடத்துல ஞாயித்துக்கிழமை காலையில வகுப்பு நடத்தறா. பழைய டயரு, கட்டை, சிமெண்ட் குழாய், இதெல்லாம்தான் பள்ளிக்கூடம். நான் ஒரு வேனுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு எட்டிப் பாத்துட்டிருந்தேன். அங்க கத்துக்க வர்ற ஒரு கொரியர்காரரு என்னைப் பாத்துட்டாரு. புதுசா சேர வந்தீங்களா, ஏன் வெக்கப்படறீங்க, வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுக்கறாரு. நான் இல்லைங்கறதுக்குள்ள தலையில ஒரு ஹெல்மெட்டைக் கவுத்துட்டாரு. முழு மூஞ்சி ஹெல்மெட்டு. கறுப்புக் கண்ணாடி.

அப்பதான் எனக்கு ஒரு வெளிச்சம் வந்துது. நான் என்ன சொல்லியிருந்தேன்? என் மூஞ்சியில முழிக்காதன்னு. இப்ப மூஞ்சி எங்க இருக்கு? உள்ள இருக்கு. அவ முழிக்கறது ஹெல்மெட்ல. சொன்ன வார்த்தையும் நிக்குது, பொண்ணும் பத்தடி தூரத்துல நிக்கறா. இப்படி ஒரு வழி இருக்குன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா கல்யாணத்துக்கே போட்டுட்டுப் போயிருப்பேன்.

சிரிங்க, ஆனா தோளுக்கு மேல சிரிங்க. கை அப்படியே இருக்கட்டும்.

குரல் ஒரு பிரச்சனை. வாயைத் திறந்தா மாட்டிக்குவேன். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை இப்படி ஆட்டினேன். அவளே புரிஞ்சுக்கிட்டா. தொண்டையில ஆபரேஷனாண்ணே, சரி, பேச வேணாம், புரிஞ்சா தலையை மட்டும் ஆட்டுங்கண்ணேன்னா. கவனிச்சீங்களா? அண்ணே! பெத்த பொண்ணு என்னை அண்ணேங்கறா. அப்பான்னு கேட்டு எவ்வளவோ நாளாச்சு, அதைக் கேக்கத்தானே மனசு அடிச்சுக்குது, வந்தது அண்ணே. அதுவும் கெடைச்சுதேன்னு தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டறதுல ஒரு கஷ்டம் இருக்கு. ஹெல்மெட்டு கனம். முன் சக்கரத்துல பாரத்தைப் போட்டுட்டு நிக்கறப்ப, புரிஞ்சுதாண்ணேன்னு கேப்பா. நான் மரியாதையா தலையை ஆட்டுவேன். தலை முன்னால போகும், அதுக்குப் பின்னாலயே நான் போவேன், எனக்குப் பின்னால சைக்கிள் வரும். அந்த வகுப்புல புரிஞ்சதுக்காகவே விழுந்தவன் நான் ஒருத்தன்தான். புரியாதவங்க எல்லாம் நின்னுட்டிருப்பாங்க.

அப்புறம் இன்னொரு கூத்து. பின் சக்கரம் எழும்புனதும் அவ கத்துவா, பிடி, பிடி, பிடி! அப்புறம், விடு! பிரேக்கைத்தான் சொல்றா. ஆனா இருபத்தஞ்சு வருஷமா இந்த ரூம்ல நிக்கறவனுக்குப் பிடின்னா என்ன? மூச்சு. அவ பிடின்னதும் நான் மூச்சைப் பிடிச்சுக்குவேன். விடுன்னதும் ஃபூன்னு விடுவேன். பிரேக்கு அது பாட்டுக்கு இருக்கும். மூச்சை ரொம்ப ஒழுங்கா விட்டுக்கிட்டே, அமைதியா, தலைகுப்புறப் போவேன். ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்து அந்த ஃபூ பெரிசா கேக்கும். அண்ணே, நீங்க என்ன பலூனா ஊதறீங்கன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும் சிரிக்காம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. ஆசிரியர்னா அப்படித்தான் இருக்கணும்.

என்னங்க, கண்ணைத் தொடைக்கறீங்க? வலிக்குதா? சரி, இன்னும் கொஞ்ச நேரம்.

அடிக்கு பயந்து ஒரு நாள் இங்கேர்ந்து ஈய ஏப்ரனை எடுத்துட்டுப் போனேன். இந்தா தொங்குதே, இதேதான். எக்ஸ்ரேயே உள்ள போக முடியாதுன்னா சிமெண்ட் எப்படிப் போகும்னு ஒரு யோசனை. சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன். பின் சக்கரத்தைத் தூக்கப் பாரம் முன்னால வேணும்னு சொன்னா பாருங்க, அன்னிக்கு எனக்கு முயற்சியே தேவைப்படல. பிரேக்கை நெனைச்சேன், அவ்வளவுதான். பின் சக்கரம் வானத்துக்குப் போயிடுச்சு. கொரியர்காரரு ஆஹான்னு கை தட்டறாரு. நான் டயர் குவியலுக்குள்ள தலைகீழா நிக்கறேன். அவ ஓடி வந்து தூக்கிவிட்டா. நெஞ்சுல கையை வெச்சுப் பாத்துட்டு, என்னண்ணே, உள்ள பலகை மாதிரி இருக்குதுன்னா. தலையை ஆட்டினேன். வேற என்ன பண்றது?

வீட்லயா? வீட்ல சிரிப்பு வகுப்புக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். பார்க்குல நின்னுக்கிட்டு கும்பலா சிரிப்பாங்களே, அது. என் சம்சாரம் ஒரு வாரம் பாத்தா, ரெண்டு வாரம் பாத்தா. முதுகெல்லாம் ரத்தக்கட்டு, முட்டியில சிராய்ப்பு. தைலம் தேய்ச்சுக்கிட்டே ஃப்ரிட்ஜுகிட்ட கேட்டா, இப்படி அடிபடற அளவுக்கு அங்க என்ன சிரிப்புன்னு.

உங்க வீட்ல காலையில டீ யாரு போடறது? எலும்புக்காகக் கேக்கறேன். நீங்களா? தெனமுமா? அவங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடியேவா. உம். சர்க்கரை கம்மியாப் போடுங்க. அவளுக்கு... அவங்களுக்கு, எந்த அவங்களா இருந்தாலும், சர்க்கரை ஜாஸ்தி ஆனா நல்லதில்ல.

போன ஞாயித்துக்கிழமை நடந்ததைச் சொல்லிடறேன், அதுக்குத்தான் இவ்வளவும். நான் எப்பவும் குனிஞ்சு முன் சக்கரத்தையே பாத்துட்டிருப்பேன். அதான் விழறேன்னு அவ சொல்லிச் சொல்லிப் பாத்தா. சக்கரத்தைப் பாக்காதீங்க, அது ஓடிப் போயிடாது, முன்னால பாருங்கண்ணேன்னா. முன்னால கிடங்குச் சுவரு. அதை என்ன பாக்கறது? அப்ப அவளே வந்து எனக்கு நேரா நின்னுக்கிட்டா. என் கண்ணைப் பாருங்கண்ணேன்னா.

பாத்தேன் தம்பி. அவ மூஞ்சியை நான் அப்படி நேருக்கு நேரா பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? வீட்ல இருந்தப்ப கூட சோத்துத் தட்டைப் பாத்துக்கிட்டேதான் பேசியிருக்கேன். கன்னம் ஒட்டித்தான் போயிருக்கு. நெத்தியில வெயில் கறுப்பு. ஆனா கண்ணு நல்லா இருக்கு, சந்தோஷமா இருக்கற பொண்ணோட கண்ணு. நான் உருட்டிட்டு வந்தேன், விரலை வெச்சேன். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல. சுத்தி இருந்தவங்க கத்தறாங்க. அண்ணே நிக்குது, அண்ணே நிக்குதுங்கறாங்க. எது நிக்குதுன்னு எனக்குப் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, நான்தான். முன் சக்கரத்துல. சும்மா சிலை மாதிரி. எறங்கணும்னே தோணல. எறங்குனா அவ நகர்ந்துடுவாளேன்னு இருந்துச்சு.

அப்புறம் என்ன, விழுந்தேன். அதான் இந்த முழங்கை. அவ ஓடி வந்து முதுகுக்குக் கையைக் குடுத்துத் தூக்குனா. அண்ணே, உங்க முதுகு டிஸ்க்குக்கு இதெல்லாம் ஆகாது, மெத்தையைப் போட்டுட்டுப் பழகலாம்ல, கழுதை வயசாகுது, ஒரு தடவை சொன்னா கேக்க மாட்டீங்களான்னு ஒரு திட்டு. எனக்கு அவ்வளவு ஆனந்தம். வீட்டுக்குப் போற வரைக்கும் அதையே நெனைச்சுட்டுப் போனேன்.

என்ன சொன்னீங்க? என் டிஸ்க்கு அவளுக்கு எப்படித் தெரியுமாவா? ...அட, ஆமாம். எப்படித் தெரியும்? வயசானவங்கன்னா டிஸ்க்கு இருக்கும்னு பொதுவா சொல்லியிருப்பா. விடுங்க. அது பெரிய விஷயமில்ல.

பெரிய விஷயம் என்னன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை எங்க பேட்ச் முடியுது. கடைசியா எல்லாரும் ஒவ்வொருத்தரா முன் சக்கரத்துல நின்னு காட்டணும். காட்டிட்டு, ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, அவளோட வரிசையா நின்னு ஃபோட்டோ எடுத்துக்கணும். அதான் அவ வகுப்புல வழக்கமாம். ஹெல்மெட்டைக் கழட்டினா வார்த்தை போச்சு. கழட்ட மாட்டேன்னு நின்னா சந்தேகம் வரும். போகாமலே இருந்துட்டா, அந்த அண்ணேவும் போச்சு. அஞ்சு நாளா எனக்குத் தூக்கமில்ல.

கழட்டிடுங்கன்னு சுலபமா சொல்லிட்டீங்க. கழட்டி? கழட்டிட்டு என்னன்னு நிக்கறது? அவ திரும்பிட்டுப் போயிட்டா? சரிப்பான்னு ஒரே வார்த்தையில எழுந்து போனவ தம்பி அவ. சரிண்ணேன்னுட்டு இன்னொரு தடவை போயிட்டா என்னால தாங்க முடியாது.

பாருங்க, பேச்சு வாக்குல உங்களைத் தம்பி தம்பின்னு கூப்பிட்டுட்டிருக்கேன். அதுல ஒரு சிக்கல் இருக்கு. அவ என்னை அண்ணேங்கறா. நான் உங்களைத் தம்பிங்கறேன். கணக்குப் போட்டுப் பாத்தா நாம மூணு பேரும் கூடப் பொறந்தவங்க ஆயிடறோம். கல்யாணம் கட்டிக்கிட்டு நல்லா இருக்கற ரெண்டு பேரை அண்ணன் தங்கச்சியா ஆக்கின பாவம் எனக்கு எதுக்கு? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. அதனால அந்தத் தம்பியை வாபஸ் வாங்கிக்கறேன், மாப்ள.

ஆடாதீங்க, ஆடாதீங்க. சரி, ஆடுங்க, பரவால்ல. படம் அப்பவே எடுத்தாச்சு. நீங்க கையை வெச்ச ஒடனேயே எடுத்துட்டேன், ஒண்ணே ஒண்ணுதான், பயப்படாதீங்க. மெஷினெல்லாம் காலையிலேர்ந்து சூடாத்தான் இருக்கு.

எப்படித் தெரியும்னா? இந்தக் கதவுல சின்னதா ஒரு கண்ணாடி இருக்கு பாருங்க. அவ உங்க தோளைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்ததைப் பாத்தேன். உங்க பையை மடியில வெச்சுக்கிட்டு பெஞ்சுல ஒக்காந்ததையும் பாத்தேன். இன்னிக்குன்னு ஹெல்மெட்டும் கையில இல்ல. ஏப்ரனைத் தலையில போட்டுக்கிட்டு நழுவிடலாமான்னு பாத்தேன். இந்த ரூமுக்கு வேற வாசல் கெடையாது. அதான் லைட்டைப் போட்டுட்டு பேச ஆரம்பிச்சேன். பேச்சை முடிச்சா கதவைத் திறக்கணுமே மாப்ள.

கையில ஒண்ணுமில்ல. எலும்பெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு. இருக்காதா பின்னே? உள்ள வரும்போது வலது கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஐயோ அம்மான்னு வந்தீங்க. தட்டு மேல வைங்கன்னதும் இடது கையை வெச்சீங்க. நானும் ஒண்ணும் சொல்லல, எங்க வரைக்கும் போறீங்கன்னு பாப்போம்னு இருந்தேன். நடிப்பு வராது உங்களுக்கு. நல்லது, பொண்ணு குடுத்தவனுக்கு அது ஒரு நிம்மதி.

அதான் எனக்குப் புரியல. உங்க வீட்டுப் பக்கத்துலயே எக்ஸ்ரே எடுக்கற எடம் இருக்கு. இல்லாத வலியைத் தூக்கிக்கிட்டு ஊரைத் தாண்டி இங்க எதுக்கு வந்தீங்க? யாரு சொன்னா? அவளா? அவளே சொன்னாளா?

என்னது? ஹெல்மெட்டும் தெரியுமா? எப்பலேர்ந்து?

மொத நாளேவா! எப்படி? நான் வாயே திறக்கலையே. மூச்சா? அந்த ஃபூவா? ...ஆமாம்ல. பிடின்னா வேற எவன் மூச்சைப் பிடிப்பான்? அடிப் பாவி. தெரிஞ்சுக்கிட்டேவா என்னை அண்ணே அண்ணேன்னா? கழுதை வயசுன்னது தெரிஞ்சேவா? வீட்டுக்கு வந்து படுக்கையில விழுந்து விழுந்து சிரிப்பாளா? அழவும் செய்வாளா. சரி. அதை ஏன் மெதுவாச் சொல்றீங்க, சத்தமாச் சொல்லுங்க, எனக்கு ரெண்டும் வேணும்.

அப்ப எதுக்கு இன்னிக்கு இந்த நாடகம்? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல?

நான் வராம போயிடுவேன்னா? ஃபோட்டோன்னதும் பயந்துட்டு இனிமே வகுப்புக்கே வரமாட்டேன்னு நெனைச்சாளா? அஞ்சு நாளா அவளும் தூங்கலையா?

இருங்க, உங்க சட்டைக் கையை எறக்கிவிட்டுக்கங்க, வெளிய பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க. தலைமுடி சரியா இருக்கா? எப்பவும் ஹெல்மெட்டுக்குள்ளயே பாத்தவ, இந்த வழுக்கையை மறந்திருப்பா.

லைட்டை அணைச்சுட்டேன். தள்ளி நில்லுங்க மாப்ள, நானே திறக்கறேன். என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல. தெனம் கூப்பிடற மாதிரியே கூப்பிட்டுடறேன், அதுதான் எனக்கு வரும்.

பேஷண்ட்டு கூட வந்தவங்க யாருங்க?

...உள்ள வாம்மா.